பழைய பட அஞ்சலட்டைகள் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த படம் போட்ட அஞ்சலட்டைகளைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்றுதான் இந்தத் தொகுப்பு. கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. கடைசிப் பக்கக் கேள்விகளுக்கு முதல் பக்கப் பதில்கள் தேவைப்படும் என்பதால் புதியவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

பழைய போஸ்ட்கார்டுன்னா எந்தக் காலத்துக் கார்டைச் சொல்றீங்க?

படம் இல்லாத வெறும் அஞ்சலட்டையை முதலில் வெளியிட்டது ஆஸ்திரிய-ஹங்கேரிய அரசு, 1869 அக்டோபர் 1 அன்று. படம் போட்டவை அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்தன. 1889-இல் பாரிஸ் கண்காட்சியில் ஈஃபிள் கோபுரம் அச்சிட்ட அட்டைகள் விற்றன. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியிலும் அப்படியே. பிரிட்டனில் தனியார் அச்சிட்ட அட்டையைத் தபாலில் அனுப்ப 1894-இல்தான் அனுமதி கிடைத்தது.

சேகரிப்பாளர்கள் பொற்காலம் என்று சொல்வது ஏறக்குறைய 1898 முதல் 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கும் வரையிலான காலத்தை. இந்தத் தொகுப்பில் உள்ள பதில்கள் முக்கியமாக அந்தக் காலத்துக்கானவை. 1920, 1930-களின் கார்டுகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

அந்தக் காலத்துல ஜனங்க நிஜமாவே இவ்வளவு கார்டு அனுப்பினாங்களா? எங்கே பார்த்தாலும் கிடைக்குதே!

அனுப்பினார்கள். அமெரிக்கத் தபால் துறையின் கணக்குப்படி 1908 ஜூன் மாதத்தோடு முடிந்த ஓராண்டில் மட்டும் 67 கோடிக்கும் மேற்பட்ட அஞ்சலட்டைகள் போயிருக்கின்றன. அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை 9 கோடிகூட இல்லை. தொலைபேசி எல்லோர் வீட்டிலும் இல்லாத காலம் அது. பெரிய ஊர்களில் ஒரே நாளில் பல முறை தபால் பட்டுவாடா நடந்ததால் “மாலை ஆறு மணி வண்டியில் வருகிறேன்” என்று காலையில் எழுதிப் போட்டால் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. அப்போதே அது சேகரிப்புப் பொருளாகிவிட்டது. வரவேற்பறையில் ஒரு ஆல்பம் வைத்து நிரப்புவது நாகரிகமாக இருந்தது. வாங்கி ஒரு வரிகூட எழுதாமல் நேரே ஆல்பத்தில் செருகிய கார்டுகள் ஏராளம். நூறு வருடம் கழித்தும் பல கார்டுகள் புத்தம் புதிதாகக் கிடைப்பது அந்த ஆல்பங்களின் புண்ணியம்.

கார்டுல தேதியே இல்ல. எந்த வருஷத்து கார்டுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

திருப்பிப் பாருங்கள். படத்தை ரசிப்பதற்கு முன் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

முதலில் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்பத்தில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும்தான். அங்கே சேதி எழுதினால் தபால் துறை ஏற்காது. அதனால்தான் பல கார்டுகளில் படத்தின் ஓரத்தில், வானத்தில், சில சமயம் ஆட்களின் தலைக்கு மேலேகூட எழுதியிருப்பார்கள். அதற்கென்றே அச்சகங்கள் படத்தின் கீழே வெள்ளை இடம் விட்டன. பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி என்ற முறையை முதலில் அனுமதித்தது பிரிட்டன், 1902-இல். பிரான்ஸ் 1904 வாக்கில், ஜெர்மனி 1905-இல், அமெரிக்கா 1907 மார்ச் 1 முதல். ஆக, கோடில்லாத அமெரிக்க கார்டு என்றால் பெரும்பாலும் 1907-க்கு முந்தியது. கோடு போட்ட பிரிட்டிஷ் கார்டு என்றால் 1902-க்கு முன்னால் இருக்க வழியில்லை.

அமெரிக்க கார்டுகளில் இன்னொரு அடையாளம் இருக்கிறது. பின்பக்கத்தில் ‘பிரைவேட் மெயிலிங் கார்டு’ என்றும் 1898 மே 19 சட்டத்தைக் குறிப்பிட்டும் அச்சிட்டிருந்தால் அது 1898-க்கும் 1901-க்கும் இடைப்பட்டது. 1901 டிசம்பரிலிருந்து தனியாரும் ‘போஸ்ட் கார்டு’ என்றே அச்சிட அனுமதி கிடைத்துவிட்டது. பிரிட்டனின் ரஃபேல் டக் நிறுவனக் கார்டுகளில் அரசவை வாசகம் உதவும். மகாராணிக்கு மட்டும் பதிப்பாளர்கள் என்றிருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1901 ஜனவரிக்கு முன் அச்சானது. அரசருக்கும் அரசிக்கும் என்றிருந்தால் அதற்குப் பின். அமெரிக்கப் பதிப்பாளரான டெட்ராய்ட் நிறுவனத்தின் பெயர் ‘போட்டோகிராஃபிக் கம்பெனி’ என்றிருந்து 1905-இல் ‘பப்ளிஷிங் கம்பெனி’ என்று மாறியது. அதுவும் ஒரு கைகாட்டி.

அப்புறம் பொதுவான தோற்றம். அமெரிக்க கார்டில் படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் இருந்தால் பெரும்பாலும் 1915 முதல் 1930 வரை. தொட்டால் துணி நெசவு போல் வரிவரியாகப் படும் ‘லினன்’ கார்டுகள் 1930-களில் வந்தவை. வழவழப்பான பளபள வண்ணப் போட்டோ கார்டுகள் 1939-க்குப் பிறகு பரவியவை. சின்னப் பெட்டியில் “இதுவும் 1905 காலத்தது” என்று ஒரு லினன் கார்டைப் போட்டு வைத்திருந்தால் கைவிரலே பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தபால் முத்திரையில 1911-ன்னு தெளிவா இருக்கு. அப்போ 1911-ல வந்த கார்டுதானே?

1911-க்குப் பின்னால் வந்ததில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. கடையில் நாலைந்து வருடம் கிடந்த கார்டை ஒருவர் வாங்கி அனுப்பியிருக்கலாம். அச்சான வருடம் வேறு, அனுப்பிய வருடம் வேறு. இதில் மூன்றாவதாக ஒரு வருடமும் உண்டு, படம் எடுத்த வருடம். நன்றாக விற்ற ஒரு தெருக் காட்சியைப் பதிப்பாளர்கள் அதே நெகட்டிவிலிருந்து பல வருடங்கள் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். குதிரை டிராம் ஓடும் தெருவின் படத்தில் மின்சார டிராம் வந்து பல வருடம் கழித்து விழுந்த முத்திரையைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

குறித்துவைக்கும்போது மூன்றையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். தெரியாததைக் காலியாக விடுங்கள்.

பார்த்தா போட்டோ மாதிரியும் இருக்கு, அச்சு மாதிரியும் இருக்கு. எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் ஆல்பத்துக்கும் முன்னால் வாங்க வேண்டியது அதுதான். நல்ல வெளிச்சத்தில் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக் கார்டைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஒருவர் முகத்தையோ வானத்தின் ஓரத்தையோ பாருங்கள். வரிசை தப்பாமல் ஒழுங்காக அடுக்கிய புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன் அச்சு. பழைய செய்தித்தாள் படத்தில் பார்ப்பீர்களே, அதே முறை. புள்ளியே இல்லாமல் புழு நெளிந்ததுபோல் ஒழுங்கற்ற நுண்ணிய சுருக்கங்கள் தெரிந்தால் கொலோடைப். கண்ணாடித் தகட்டில் ஜெலட்டின் பூசி அச்சிடும் முறை அது. ஜெலட்டின் காயும்போது விழுந்த சுருக்கங்களைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

புள்ளிகள் இருந்தும் ஒழுங்கில்லாமல் சிறிதும் பெரிதுமாகக் கையால் குத்தியதுபோல் இருந்தால், அதுவும் பல வண்ணங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், அது வண்ணக் கல்லச்சு, அதாவது குரோமோலித்தோகிராஃபி. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். நல்ல கார்டுக்குப் பத்துக்கு மேலும் கல் பிடிக்கும். ஒரு வண்ணத்தின் மேல் அடுத்தது இம்மி பிசகாமல் விழ வேண்டும். இந்தக் கலையில் ஜெர்மனியின் அச்சகங்களை அப்போது யாரும் மிஞ்சவில்லை. அமெரிக்கப் பண்டிகை வாழ்த்துகளானாலும் ஆசியத் துறைமுகக் காட்சிகளானாலும் பின்பக்கத்தில் ‘ஜெர்மனியில் அச்சானது’, ‘சாக்சனியில் அச்சானது’ என்று இருப்பது அதனால்தான். 1909-இல் அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தியது, 1914-இல் போர் வந்தது. அந்தத் தரம் பிறகு பொதுச் சந்தைக்குத் திரும்பவே இல்லை.

லென்ஸில் எந்த அமைப்பும் தெரியாமல், கறுப்பிலிருந்து வெள்ளை வரை வழுக்கிக்கொண்டு போனால் அது அசல் போட்டோ. அதற்குத் தனிக் கேள்வி கீழே.

“கையால வண்ணம் தீட்டினது”ன்னு சொல்லி விக்கிறாங்க. நம்பலாமா?

சில கார்டுகள் நிஜமாகவே அப்படித்தான். கறுப்பு வெள்ளை கொலோடைப் மேல் ஸ்டென்சில் வைத்தோ தூரிகையாலோ வண்ணம் பூசினார்கள். லென்ஸில் பார்த்தால் வண்ணத்தில் மட்டும் புள்ளியோ சுருக்கமோ இருக்காது, நீர்வண்ணம் போல் பரவியிருக்கும். கூரையின் சிவப்பு கூரையைத் தாண்டி வானத்தில் கொஞ்சம் கசிந்திருக்கும். வண்ணமும் சீரான புள்ளிகளாகத் தெரிந்தால் தூரிகை அதன் பக்கமே வரவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த வண்ணங்களைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்ணம் தேர்ந்தெடுத்தவர் பெரும்பாலும் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை, எங்கோ ஓர் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தார். கம்பங்களையும் ஒயர்களையும் அழித்தார்கள், ஆட்களைச் சேர்த்தார்கள், வெறும் வானத்தில் மேகம் ஒட்டினார்கள். ‘நிலவொளியில்’ என்று வரும் கார்டுகளில் பாதி, பட்டப்பகலில் எடுத்த படத்தை நீலத்தில் முக்கி, ஒரு நிலாவை வரைந்து, ஜன்னல்களுக்கு மஞ்சள் பூசியவை. நிலவு ஒரு பக்கம் இருக்கும், மரத்தின் நிழலும் அதே பக்கம் விழும். தேடிப் பிடிப்பதே தனி சுகம்.

அசல் போட்டோ கார்டுகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு?

எண்ணிக்கைதான். அச்சிட்ட கார்டு ஆயிரக்கணக்கில் வந்தது. போட்டோ கார்டு சில சமயம் ஒரே ஒரு பிரதி. கோடாக் 1903-இல் 3ஏ என்ற மடக்கு கேமராவைக் கொண்டுவந்தது. அதன் நெகட்டிவ் அஞ்சலட்டை அளவிலேயே இருக்கும் என்பதால் பெரிதாக்கும் கருவி தேவையில்லை. பின்பக்கத்தில் அஞ்சலட்டை வாசகம் ஏற்கெனவே அச்சிட்ட போட்டோ தாளில் நேரடியாகப் பதித்துவிடலாம். வீட்டுத் திண்ணையில் நிற்கும் குடும்பம், வெள்ளத்தில் சாய்ந்த பாலம், தீப்பிடித்த கடை எல்லாம் கார்டானது இப்படித்தான். பெரிய பதிப்பாளர்கள் எட்டிப்பார்க்காத ஊர்களுக்கு இவைதான் சாட்சி.

காலம் கணிக்க ஸ்டாம்ப் ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். அதைச் சுற்றித் தாளின் பெயர் இருக்கும். ‘ஏஸோ’ என்ற தாளில் நான்கு மூலை முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் சுமார் 1904–1918. இரண்டு மேல்நோக்கி, இரண்டு கீழ்நோக்கி என்றால் 1918–1930. சதுரங்கள் என்றால் 1920-களின் நடுவிலிருந்து 1940-கள் வரை. வாங்கிய தாளை ஒருவர் பல வருடம் அலமாரியில் வைத்திருந்து பயன்படுத்தியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். முத்திரை பற்றி மேலே சொன்ன அதே நியாயம்தான்.

எல்லாமே அழகா இருக்கு. எதைச் சேர்க்கிறதுன்னே தெரியல.

எல்லாவற்றையும் சேர்த்தால் அது சேகரிப்பில்லை, மூட்டை. ஆனால் முதல் நாளே தலைப்பை முடிவு செய்யவும் அவசியமில்லை. கொஞ்ச காலம் மனசு போன போக்கில் வாங்குங்கள். பிறகு எல்லாவற்றையும் மேசையில் பரப்பினால் உங்கள் கண் எதைத் தேடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ரயில் நிலையங்களாக இருக்கலாம், ஒரே ஓவியராக இருக்கலாம், பாலங்களாக இருக்கலாம்.

என் கட்சி, தலைப்பு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. ‘கப்பல்கள்’ என்று வைத்தால் முடிவே கிடையாது. ‘ஒரு நதியின் படகுத்துறைகள்’ என்று வைத்தால் மற்றவர்கள் கண்டுகொள்ளாத கார்டுகூட உங்களுக்குப் புதையல். விசித்திர வகைகள் பிடிக்கும் என்றால் அதற்கும் பஞ்சமில்லை. புடைப்பு அச்சு, பட்டில் பூவேலை செய்து முதல் உலகப் போரின்போது பிரான்ஸிலிருந்து படைவீரர்கள் வீட்டுக்கு அனுப்பியவை, தோலில் சூடுபோட்டு எழுதியவை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவை என்று நிறைய உண்டு. கடைசி வகையில் ஜன்னல்களையும் நிலாவையும் நுணுக்கமாக வெட்டி எடுத்து, பின்னால் மெல்லிய வண்ணத்தாள் ஒட்டியிருப்பார்கள். சாதாரணமாகப் பார்த்தால் பனி பெய்யும் ஒரு தெரு. விளக்கின் முன் தூக்கிப் பிடித்தால் அத்தனை ஜன்னல்களிலும் விளக்கு எரியும்.

ஓவியர் கையெழுத்து இருக்கிற கார்டுன்னு சொல்றாங்களே, அவரே போட்ட கையெழுத்தா?

இல்லை. ‘கையெழுத்துள்ள கார்டு’ என்று சேகரிப்பாளர்கள் சொன்னால் ஓவியத்தோடு சேர்ந்து அச்சான பெயர் என்று அர்த்தம். லென்ஸில் பார்த்தால் அதுவும் படத்தைப் போலவே புள்ளிகளாகத்தான் இருக்கும். பெயர் இருந்தால் யார் வரைந்தது என்று ஊகிக்கும் வேலை மிச்சம், அவ்வளவே.

தேடப்படும் பெயர்கள் பல. அலங்காரக் கொடிகளுக்கு நடுவே பெண்களை வரைந்த அல்ஃபோன்ஸ் மூக்கா, மனிதர்களைப் போல் டீ குடிக்கும் பூனைகளை வரைந்த லூயிஸ் வெயின் இருவரையும் எல்லோருக்கும் தெரியும். இருவரும் 1860-இல் பிறந்து 1939 ஜூலையில் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த தற்செயல். ஹாலோவீன் கார்டு சேர்ப்பவர்கள் எலன் கிளாப்சாடில் பெயரைச் சொன்னாலே நிமிர்ந்து உட்காருவார்கள். வியன்னாவின் ‘வீனர் வெர்க்ஸ்டாட்’ கலைக்கூடம் 1907 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் கார்டுகள் வெளியிட்டது. கோகோஷ்காவும் ஷீலெவும் இளைஞர்களாக இருந்தபோது அதற்கு வரைந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி 1923-இல் நடத்திய கண்காட்சிக்கு வந்த 20 கார்டுகளில் காண்டின்ஸ்கி, க்ளீ வரைந்தவையும் உண்டு. இந்த இரண்டு வரிசைகளிலும் அனுபவம் வராமல் கைவைக்க வேண்டாம். போலிகள் பெரும்பாலும் பெரிய பெயர்களின் பக்கத்தில்தான் நிற்கும்.

எழுதின கார்டு வாங்கலாமா, எழுதாததா?

ஓவியக் கார்டு, வாழ்த்துக் கார்டு என்றால் எழுதாததற்கே பொதுவாக மதிப்பு அதிகம். ஊர்க் காட்சி, போட்டோ கார்டு என்றால் எழுதியதை விட்டுவிடாதீர்கள். “குறுக்குக்கோடு போட்ட ஜன்னல்தான் எங்கள் அறை” என்று ஒருவர் எழுதி, படத்தில் பேனாவால் குறி போட்டிருந்தால் அந்தக் கட்டடத்தின் வரலாறு வேறு எங்கும் கிடைக்காத விதத்தில் கையில் வந்துவிட்டது. முத்திரையும் ஊரும் தேதியும் கூடுதல் லாபம். எனக்கு எழுதியவைதான் பிடிக்கும், மறைப்பானேன்.

ஸ்டாம்பைப் படத்து மேலயே ஒட்டி வெச்சிருக்காங்க. கார்டு கெட்டுப்போச்சா?

யாரோ தெரியாமல் செய்ததில்லை, வேண்டுமென்றே செய்தது. அன்றைய சேகரிப்பாளர்கள் நாடு விட்டு நாடு கார்டு மாற்றிக்கொண்டார்கள். ஆல்பத்தில் செருகினால் பின்பக்கம் மறைந்துவிடும் என்பதால் ஸ்டாம்பையும் முத்திரையையும் படப் பக்கத்திலேயே கேட்டு வாங்கினார்கள். பிரெஞ்சுக்காரர்களிடையே இந்த வழக்கம் மிகவும் பரவலாக இருந்ததால் ‘டே.சே.வே.’ என்ற சுருக்கெழுத்தையே கார்டில் எழுதிவிடுவார்கள், ஸ்டாம்ப் படப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். இதைத் தேடிச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்டாம்ப் நல்லா இருக்கு. அதை மட்டும் நனைச்சு எடுத்துக்கலாமா?

கூடாது. அந்தக் காலத்துச் சாதாரண ஸ்டாம்புகள் கோடிக்கணக்கில் வந்தவை, தனியாக எடுத்தால் பெரிதாக எதுவும் கிடைக்காது. கார்டிலோ பாதி முத்திரை போய், ஒரு சதுரத் தழும்பு நிற்கும். நனைத்தால் அட்டை அடுக்கடுக்காகப் பிரியும், மை கலையும்.

மின்ட், எக்ஸலன்ட், குட்னு போடுறாங்க. ‘குட்’னா நல்ல கார்டுதானே?

இந்த வட்டாரத்தில் ‘குட்’ என்றால் சுமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்ட், நியர் மின்ட், எக்ஸலன்ட், வெரி குட், குட், பூவர் என்று இறங்கும் ஏணியில் அது கீழிருந்து இரண்டாம் படி. மூலை மழுங்கி, மடிப்புக் கோடு விழுந்து, கறையும் இருக்கலாம். மின்ட் என்றால் அச்சகத்திலிருந்து நேற்று வந்ததுபோல் இருக்க வேண்டும். அப்படி நிஜமாக இருப்பவை சொற்பம்.

அந்தப் பெயர்களை நம்பாமல் நான்கு மூலைகளும் தெரியும் படங்கள் கேளுங்கள், முன்னும் பின்னும். சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம் கிடைத்தால் இன்னும் நல்லது. நேர் வெளிச்சத்தில் தெரியாத மடிப்பு அதில் தெரிந்துவிடும். ஆல்பத்தில் செருகியதால் மூலைகளில் விழும் லேசான அழுத்தத் தடம் பெரிய குறையில்லை. படத்தின் நடுவே ஓடும் மடிப்பு பெரிய குறை.

எப்படிப் பத்திரப்படுத்துறது? கடையில விக்கிற போட்டோ ஆல்பம் போதுமா?

ஒட்டும் பசைத் தாள் மேல் பிளாஸ்டிக் மூடும் ஆல்பத்தில் மட்டும் வைக்காதீர்கள். சில வருடங்களில் கார்டைப் பசை பிடித்துக்கொள்ளும், எடுத்தால் பின்பக்கம் உரிந்து வரும். பி.வி.சி. உறைகளும் வேண்டாம். புதுப் பிளாஸ்டிக் வாடை தூக்கலாக அடித்தால், தொட்டால் பிசுபிசுத்தால் அது பி.வி.சி. ஆக இருக்க வாய்ப்பு அதிகம். பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் செங்குத்தாக நிற்க வையுங்கள், நெருக்கித் திணிக்காமலும் சரிந்து வளையாமலும். ரப்பர் பேண்டு, கிளிப், செல்லோ டேப், லேமினேஷன் நான்கும் எதிரிகள்.

ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் அண்டாது. அதைவிட முக்கியம் ஏறி இறங்காமல் இருப்பது. மாடி அறையும் தரையடி அறையும் வேண்டாம், வீட்டின் நடுவில் இருக்கும் அலமாரி போதும். ராமபாணப் பூச்சிக்குப் பழைய பசையும் ஜெலட்டினும் விருந்து, வருடத்துக்கு இரண்டு முறையாவது பெட்டியைத் திறந்து பாருங்கள். சட்டம் போட்டு மாட்ட ஆசையாக இருந்தால் நல்ல நகல் எடுத்து மாட்டிவிட்டு அசலை இருட்டில் வையுங்கள். வெயில் தின்ற வண்ணம் திரும்பாது.

அழுக்கா இருக்கு. ஈரத்துணியால துடைக்கலாமா?

துடைக்க வேண்டாம். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையால் வண்ணம் பூசியதில் ஈரம் பட்டால் வண்ணம் கையோடு வரும். போட்டோவின் ஜெலட்டின் ஊதும். மினுமினுப்புத் தூள் ஒட்டிய கார்டில் தூரிகையும் வேண்டாம், தூள் உதிரும். பூஞ்சணம் பிடித்த கார்டைக் கண்டிப்பாக மற்றவற்றோடு சேர்க்காமல் தனி உறையில் போடுங்கள்.

விற்பவர்கள் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய விலையைப் பலர் அழிக்கப் பார்க்கிறார்கள். எழுத்து அழிவதற்குள் அட்டையின் மேல்தோல் பிய்ந்து, அந்த இடம் வெளுத்துத் தெரியும். விட்டுவிடுங்கள்.

போட்டோ கார்டுல கறுப்பான இடமெல்லாம் வெள்ளி மாதிரி மினுக்குது. பூஞ்சணமா?

இல்லை. கார்டைச் சாய்க்கும்போது கறுப்புப் பகுதியில் நீலம் கலந்த உலோகப் பளபளப்பு ஓடினால், படத்தில் உள்ள வெள்ளி காற்றோடு வினை புரிந்து மேற்பரப்புக்கு வந்திருக்கிறது. போட்டோ கார்டு வயதானால் இது இயல்பு. துடைத்தால் படமும் போய்விடும். பார்க்கப்போனால் இது நல்ல அறிகுறி. அச்சிட்ட நகலில் இந்தப் பளபளப்பு வராது. அடுத்த கேள்விக்கு இது உதவும்.

போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஏமாற்றவென்றே செய்தவை கொஞ்சம். நினைவுப் பொருளாக நேர்மையாக மறுபதிப்பு செய்ததைப் பிறகு யாரோ பழையது என்று விற்பதுதான் அதிகம். லென்ஸை எடுங்கள். போட்டோ என்று சொல்லப்படும் கார்டில் ஒழுங்கான புள்ளிகளோ இங்க்ஜெட் தெளித்த வண்ணத் துகள்களோ தெரிந்தால் கதை முடிந்தது. கல்லச்சுக் கார்டில் நான்கு வண்ணப் புள்ளிகள் பூப்பூவாக அடுக்கியிருந்தாலும் அப்படியே.

அடுத்து, இருட்டறையில் புற ஊதா டார்ச். 1950-களிலிருந்து தாளை வெண்மையாக்கும் ரசாயனங்கள் சேர்ப்பது பரவலானது. அவை அந்த ஒளியில் நீல வெள்ளையாகப் பளீரென்று ஜொலிக்கும். 1910-களின் தாள் மங்கலாகவே இருக்கும். ஜொலித்தால் பழையதில்லை என்று சொல்லிவிடலாம். ஜொலிக்காவிட்டால் பழையது என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பழைய வெற்றுத் தாளில் புதிதாக அச்சிடுபவர்களும் உண்டு.

அப்புறம் பொருத்தம் பாருங்கள். பின்பக்கக் கோடு, அச்சு முறை, ஸ்டாம்ப், முத்திரை, கையெழுத்தின் மை எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா? வெள்ளை ஓரம் போட்ட அமெரிக்க கார்டில் 1903 முத்திரை இருந்தால் ஏதோ ஒன்று பொய். கார்டு அசலாக இருந்து முத்திரை மட்டும் போலியாகவும் இருக்கலாம்.

என்கிட்ட இருக்கிறது என்ன விலை போகும்?

வயதை வைத்து விலை வராது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். 1906-இல் வந்த பூங்கொத்து வாழ்த்து கோடிக்கணக்கானவற்றில் ஒன்று. எத்தனை பேர் தேடுகிறார்கள், எத்தனை மிஞ்சியிருக்கின்றன, என்ன நிலையில் இருக்கிறது, இந்த மூன்றுதான் விலை. பிரபல தேவாலயத்தை விட பெயர் தெரியாத கடைவாசல் அதிகம் போவது அதனால்தான். பிரபல இடத்தைக் கார்டாக வாங்காதவர் யார்?

ஏலத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்பதற்கு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ரஃபேல் டக் கார்டுகளுக்கு முழுப் பட்டியல் வைத்து விலை சொல்வதாக யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 1940 டிசம்பர் 29 குண்டுவீச்சில் அந்த நிறுவனத்தின் லண்டன் கட்டடமே எரிந்து பதிவேடுகள் போய்விட்டன. இன்று இருக்கும் பட்டியல்கள் சேகரிப்பாளர்கள் கார்டு கார்டாகப் பார்த்துக் கட்டியவை.

சில கார்டுகள்ல ஆட்களை ரொம்ப கேவலமா காட்டியிருக்காங்க. அதெல்லாம் சேர்க்கலாமா?

காலனி ஆட்சிக் காலத்துக் கார்டுகளில் இது நிறைய. ஒருவரைப் பிடித்து ஸ்டூடியோவில் நிறுத்தி, சொந்தப் பெயர் போடாமல் சாதியையோ தொழிலையோ மட்டும் கீழே அச்சிட்டு விற்றார்கள். கேலிச் சித்திரங்களும் உண்டு. ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இவை முக்கியமான சான்றுகள், ஒளித்து வைப்பதால் நடந்தது மாறாது. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் யார் அச்சிட்டது, எந்தக் காலம், என்ன வாசகம் என்ற குறிப்போடு வையுங்கள். குறிப்பில்லாமல் ‘அழகான பழைய படம்’ என்று பகிர்ந்தால் அன்று அச்சிட்டவன் செய்ததையே இன்னொரு முறை செய்கிறோம்.

ஸ்கேன் பண்ணி இணையத்துல போடலாமா? காப்புரிமைப் பிரச்சினை வருமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்காவில் வெளியாகி 95 வருடம் முடிந்தவை பொதுவுடைமை. பல நாடுகளில் வரைந்தவர் இறந்து 70 வருடம் என்பது கணக்கு. மேலே சொன்ன மூக்காவும் வெயினும் அந்தக் கணக்கில் எப்போதோ தாண்டிவிட்டார்கள். 1905 கார்டு என்றாலும் ஓவியர் 1960-கள் வரை வாழ்ந்திருந்தால் அங்கே இன்னும் காப்புரிமை இருக்கலாம். கடற்கரை நகைச்சுவைக் கார்டுகளுக்குப் பெயர்போன டொனால்ட் மக்கில் 1962-இல்தான் இறந்தார்.

ஸ்கேன் செய்யும்போது இரு பக்கமும் 600 டிபிஐ-யில் எடுங்கள். படப் பக்கம் மட்டும் எடுத்துப் போடுகிற பழக்கம் பரிதாபமானது, பாதி கார்டைக் காணாமல் அடிக்கிறது.

பாட்டியோட ஆல்பம் ஒண்ணு முழுசா கிடைச்சிருக்கு. கார்டுகளை எடுத்து நல்ல உறையில மாத்திடட்டுமா?

எடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படம் எடுங்கள். எந்தக் கார்டு எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பது தகவல். ஒரே கையெழுத்தில் வந்தவை ஒரே பக்கத்தில் இருக்கலாம், ஒரு பயணத்தின் ஊர்கள் வரிசையாக இருக்கலாம். வரிசையைக் கலைத்த பிறகு அதை மீட்க வழியில்லை. படம் எடுத்தபின் கார்டுகளுக்கும் பக்கங்களுக்கும் பென்சிலால் எழுதாமல், உறையின் மேல் எண் போடுங்கள்.

ஆல்பத்தின் தாள் பழுப்பேறி ஓரம் பொடியாக உதிர்ந்தால் அதில் அமிலம் இருக்கிறது, கார்டுகளை வெளியே எடுப்பதே நல்லது. தாள் உறுதியாக இருந்து, கார்டுகள் வெட்டிய மூலைகளில் தளர்வாக உட்கார்ந்திருந்தால் ஆல்பத்தை அப்படியே விடலாம். பக்கங்களுக்கு நடுவே அமிலமில்லாத மெல்லிய தாள் வைத்தால் போதும். எடுக்கும்போது கார்டை இழுக்காதீர்கள். ஆல்பத் தாளை லேசாக வளைத்தால் மூலை தானாக விடுபடும். பசை போட்டு ஒட்டியிருந்தால் நிறுத்திவிட்டு, காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். உறையில் மாற்றிய பிறகு காலி ஆல்பத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அட்டையின் உட்பக்கத்தில் பெயரும் வருடமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.